மூன்றாவது இறகு

"அவன் உள்ளதான் கீறான். தெரியும். கூப்புடு."

ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. அதன் முன்னால் ஞானஜோதி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேளம்பாக்கத்தில் அது அவளுடைய மரப் பட்டறை. உள்ளே மோட்டார் இரைந்தது.

"யாருண்ணா நீங்க? பில்டர் அனுப்பினாரா?"

"எவனும் அனுப்பல. நானும் செதுக்குறவன்தான். குன்றத்தூர், கதிரேசன். இந்த அன்னத்தைச் செதுக்குனவனை நான் பாக்கணும்."

செல்போனை நீட்டினார். எல்லாம் வாசல் கதவுகள். பெருங்களத்தூர், முடிச்சூர், பொழிச்சலூர் என்று புதிதாக எழுந்த அடுக்குமாடிகளில், ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் தேடிப்போய் எடுத்த படங்கள்.

முப்பத்தொரு கதவிலும் அதே அன்னம். ஒவ்வொன்றிலும் மூன்றாவது இறகு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

ஞானஜோதியின் குரல் இறங்கியது. "கம்ப்ளெய்ன்டாண்ணா? சரி பண்ணிக் குடுத்துடறேன். பில்டர்கிட்ட மட்டும் போயிடாதீங்க."

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. ஆளைக் காட்டு."

"எல்லாம் கை வேலைண்ணா. ஆளை யாருக்கும் காட்ட மாட்டோம். வேற பட்டறைக்காரன் இழுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"கை வேலைன்னு எனக்கே சொல்றியா? யார் கைன்னே எனக்குத் தெரியும்மா. குப்புராஜ். என் தம்பி."



ஒன்பது வருடங்களுக்கு முன் குப்புராஜ் ஒரு கதவில் அந்த இறகைத் தப்பாகத் திருப்பினான். வேலையாட்கள் முன்னால் கதிரேசன் அவனை அறைந்தார். இனி உளியைத் தொடாதே என்றார். மதியம் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. அதன்பிறகு வரவேயில்லை.

"இப்ப தெரிஞ்சேதான் தப்பா செதுக்குறான், என் கண்ணுல படணும்னு. பாரு, முப்பத்தொண்ணுலயும் மயிரிழை மாறல. என்னாலகூட முடியாது. கை அப்படித் தேறியிருக்கு அவனுக்கு."

"அண்ணா, கிளம்புங்க. அவரு... இன்னிக்கு லீவு."

"அப்ப உள்ள இன்னா சத்தம்?"



கதிரேசன் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஷட்டருக்கும் தரைக்கும் இடையிலிருந்த சந்தில் குனிந்து கத்தினார்.

"டேய் குப்பு! அண்ணன்டா. அடிச்சது தப்புடா. அம்மா செத்ததுகூட உனக்குத் தெரியாதுடா. வூட்டுக்கு வா. வராட்டியும் போ, மூஞ்சையாவது காட்டு."

உள்ளே சத்தம் நின்றது.

கதிரேசன் எழுந்தார். சிரித்தார். "பாத்தியா? எப்பவும் இப்படித்தான். நான் கூப்ட்டா வாயைத் தொறக்க மாட்டான், வேலையை மட்டும் நிறுத்திடுவான்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தைத் துடைத்தார். சந்துக்கு அப்பால் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம் போனது. எந்தக் காலும் தெரியவில்லை.

"வெக்கப்படுறான். தொறம்மா. நானே போய்க் கூட்டிக்கினு வரேன்."

ஞானஜோதியின் கைகள் தளர்ந்து இறங்கின. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உள்ள பாக்கறதை பில்டர்கிட்ட சொல்லக் கூடாதுண்ணா."

ஷட்டரைத் தூக்கினாள்.

மேடையில் ஒரு தேக்குக் கதவு கிடந்தது. முப்பத்திரண்டாவது அன்னம். இறகுகளின் மேல் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. கதிரேசன் அதைத் தாண்டிப் போனார். அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பாத்ரூம் கதவைத் தள்ளினார். பின்பக்கம் வழி இல்லை.

"எங்கடா ஒளிஞ்சிக்கினு கீற? குப்பு?"

ஞானஜோதி மேடைக்கு மேலே அசையாமல் நின்ற இரும்பு முனையைத் தொட்டுக் காட்டினாள்.

"பழைய கதவு ஒண்ணை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கோம். அதைப் பாத்து செதுக்குறது இந்த மெஷின்தாண்ணா."