உருத்திராட்சப் பூனை

திருநீற்றைப் பூசிக்கொண்ட அந்த ஆள், கையில் மிஞ்சியதைப் படபடவென்று தட்டித் தரையில் உதறினான்.

அதோடு அவன் கதை முடிந்தது.

பந்தியில் அறுபது அடியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருநீறு ஒரு பொட்டு கீழே சிந்தினாலும் பதறிப்போகிற கூட்டம் அது. இவன் என்னவோ உப்புத் தூசியைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு, சோற்றில் கை வைக்கப் போனான்.

கார்த்திகை மூன்றாம் சோமவாரம். சேரன்மகாதேவியில் தாணுமாலையன் பிள்ளை வீட்டில் அடியார்களுக்கு அன்னம் போடுகிற நாள். வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுப் புலவன் நான். சோமவாரத்தன்று வாசலில் நின்று, வருகிறவன் மெய்யான அடியார்தானா என்று நாலு கேள்வி கேட்டு உள்ளே விடுவது என் பொறுப்பு. பதிகத்தில் ஒரு சீர் தப்பினால் போதும், கிழவன் என்றும் பார்க்காமல் மழையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் என்னை ஏய்த்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

இந்த ஆளிடம் மட்டும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பரிமாறிக்கொண்டிருந்த பிள்ளையவர்கள் வாளியைக் கீழே வைத்தார்.

"இவன உள்ள விட்டது யாரு வே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இந்தப் படியை விட்டு இறங்கினால் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஒரு நாயும் சீண்டாது.

அதனால் சிரித்தேன்.

"தெரிஞ்சுதான் விட்டேன் அண்ணாச்சி. உருத்திராட்சப் பூனை, உருத்திராட்சப் பூனைன்னு வாயால சொல்லுதோம். எல்லாரும் ஒருக்கா கண்ணாலயும் பாக்கட்டுமே."

பந்தி கலகலவென்று சிரித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விடவில்லை நான். அந்தச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் பிரசங்கமாகவே எடுத்துவிட்டேன். கங்கைக்கரையில் ஒரு கிழட்டுப் பூனை. ஓடி எலி பிடிக்கத் தெம்பில்லை. கழுத்தில் உருத்திராட்ச மணியைக் கட்டிக்கொண்டு, ஊன் தின்பதை விட்டேன், இனி தவம்தான் என்றது. எலிகள் நம்பின. தினமும் வரிசையாக வந்து கும்பிட்டுப் போயின. வரிசையில் கடைசி எலி மட்டும் வளைக்குத் திரும்பவே இல்லை. பூனை செத்தும் அதன் பெயர் சாகவில்லை. நீறும் மணியுமாக ஊரை ஏய்க்கிறவனுக்கெல்லாம் அது பெயராக நின்றுவிட்டது.

சொல்லிக்கொண்டே அவன் கழுத்து மாலையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். உருத்திராட்சம் அல்ல, இலந்தைக் கொட்டை. நூல் அறுந்து கொட்டையெல்லாம் அவன் இலையில் சிதறின.

"பூனைன்னா கத்தணும்லா?" என்றார் பிள்ளையவர்கள்.

அவன் கத்தினான்.

"சத்தமா" என்றேன் நான்.

இரண்டாம் தடவை நன்றாகவே கத்தினான். பார்வை சோற்றை விட்டு நகரவில்லை. ஒரு வாய்கூட அவன் இன்னும் தின்றிருக்கவில்லை.

அதற்குமேல் வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். முற்றத்து மழையில் தள்ளி, புளியம் விளாரால் வெளுத்தார்கள். நான் தாழ்வாரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை.

பிள்ளையவர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்கன உன்னத் தெரிஞ்சவன் எவனாவது உண்டாலே?"

அவன் நிமிர்ந்து, தாழ்வாரத்தில் நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். என் முகத்துக்கு வந்தபோதும் அவன் பார்வை நிற்கவில்லை.

"யாருமில்ல சாமி. கொற்கைப் பக்கம், உப்பளத்துக் கூலி. மழைக்கு வேலையில்ல. ஒரு தம்பி இருந்தான், எழுத்துப் படிக்க வச்சேன். செத்துப்போனான்."

போகட்டும், விடுங்கள் என்றார் பிள்ளையவர்கள்.

அன்று எனக்கு அவர் கையாலேயே பாயசம் ஊற்றினார். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

என் அண்ணன் ஆற்றுப் பக்கமாக நொண்டி நொண்டிப் போனார். அன்று காலை வந்தபோது, வாசலில் என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தவர், என் நெற்றி நீற்றையும் பட்டு வேட்டியையும் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு குனிந்து கும்பிட்டு, உள்ளே வரலாமா சாமி என்று கேட்டார்.