பச்சை பேட்ஜ்

அந்தப் பட்டுக்கடையில் செண்பகவல்லி இருபது வருடமாக நின்றபடியே சேலை விரித்துக் காட்டிவந்தாள். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டபோதெல்லாம் மேனேஜர் இயந்திரம் மறுத்துவிட்டது. இன்று வெறுத்துப்போய் அதன் முன்னால் வந்து நின்றாள்.

“நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்.”

அவள் தோளில் குத்தியிருந்த மனநிலை பேட்ஜ் பச்சையாக மின்னியது.

“மகிழ்ச்சியாக இருக்கும் ஊழியர் விலக விதியில் இடமில்லை” என்றது இயந்திரம்.

“போகப்போறேங்கிற சந்தோஷம்யா இது!”

இயந்திரம் மசியவில்லை. கூட வேலை பார்க்கும் ரஹ்மத் அவள் காதருகே கிசுகிசுத்தாள். “அக்கா, இன்னும் இருபது வருஷம் இங்கதான்னு நெனச்சுப் பாருங்க.”

நினைத்தாள். பேட்ஜ் சட்டென்று சிவந்தது.

“ராஜினாமா ஏற்கப்பட்டது.”

செண்பகவல்லி பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

“மேனேஜர், கஸ்டமர் வந்திருக்கேன். ஒரு காபி சொல்லுங்க.”