மூன்று திரைக் கம்பியூட்டர்

அப்பாவுக்கு ஃபோன் எடுத்ததுமே றஞ்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா, இவருக்கு ஷெயார் பைத்தியம் பிடிச்சிட்டுது. பிலிமத்தலாவையிலை மூடின கம்பனிக் கந்தோர் ஒண்டிலை பழைய மொனிட்டருகளை மலிவா வாங்கிவந்து, அறைக்குள்ளை இருந்து துண்டு துண்டாச் சேர்த்துக் கம்பியூட்டர் பூட்டுறார். பங்குச் சந்தையிலை ஷெயார் விலை பாக்கத்தானாம். வேறை என்ன கேட்டாலும் மழுப்புறார். ஒருக்கா வந்து கதையுங்கோவன்."

"இண்டைக்கே வாறன், பிள்ளை" என்றார் வரதராசா. ஓய்வுபெற்ற கணக்காளர், ஒரு சதத்தையும் வீணாக்காதவர்.

அம்பிட்டியவிலிருந்து பஸ் ஏறி வந்தவர், தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் நேரே மருமகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

றஞ்சனா வெளியே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். நன்றாக வாங்கிக்கட்டட்டும் என்று நினைத்தாலும், கணவன் றமணனை நினைக்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

உள்ளே அப்பாவின் குரல் உயர்ந்தது.

"என்ன தம்பி இது? மூண்டு திரைதான் நிக்குது! நான் நாலெல்லோ கேட்டனான்?"

"மாமா, நீங்கள் தந்த காசுக்கு இவ்வளவுதான் பூட்டலாம்."

றஞ்சனா கதவைத் தள்ளித் திறந்தாள். அப்பா நடுத்திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, இது உங்களுக்கோ?"

"அங்கை வீட்டிலை வைக்கேலாது, பிள்ளை" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"அப்ப, அம்மாவுக்குத் தெரியாதோ?"

அம்பிட்டியவுக்கே கேட்டுவிடும் என்பதுபோல மாமனாரும் மருமகனும் ஒன்றாகப் பாய்ந்து எழுந்து, அவளையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.