நாலு ஜிபிக்கு மேலே

“சார், உங்க பேக்கப் ஃபைல் திறக்க மாட்டேங்குது,” என்றது போனில் ஒரு பெண் குரல்.

காலை பத்தரை மணி. ஆஸ்பத்திரி சர்வர் அறையில் அப்போதுதான் டீயை வாயருகே கொண்டுபோயிருந்தேன். பத்து வருஷ நோயாளிகளின் ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் தினமும் பேக்கப்பாக நகலெடுத்து வைப்பது என் பொறுப்பு. ஸ்கேன் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

“நான் செட் பண்ணினதும்மா அது. திறக்காம இருக்காது.”

அலட்டலுக்குக் காரணம் இருந்தது. வெளியிலிருந்து சர்வருக்குள் வர ஒரே ஒரு சாவி ஃபைல்தான், அதுவும் என் லேப்டாப்பில் மட்டும்தான் என்று முந்தின நாள் மீட்டிங்கில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான்.

“சைஸைப் பாருங்க சார். தினமும் கரெக்டா நாலு ஜிபியில நிக்குது.”

சர்வரில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஏழு மாதமாக எல்லா ஃபைலும் நாலு ஜிபி. என்ன ஒழுங்கு என்று அதைப் பார்த்துப் பூரித்திருக்கிறேன் வேறு.

“டிஸ்க் பழைய ஃபார்மேட் சார். ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல போனா அதுல ஏறாது. மீதி எல்லாம் கட்.”

இடையில் ஒருநாள் சர்வர் படுத்திருந்தால் அத்தனை பேரின் ஸ்கேனும் அம்பேல், நானும் அம்பேல்.

“இப்ப என்னம்மா பண்றது?” கேட்டது பதினைந்து வருஷ அனுபவசாலியான நான்.

“டிஸ்க்கை அழிக்க வேணாம் சார். பேக்கப்பைத் துண்டு துண்டா பிரிச்சு எழுத வைங்க. நான் சொல்றதை அப்படியே டைப் பண்ணுங்க.”

எழுத்து எழுத்தாகச் சொன்னாள். சமர்த்தாக அடித்தேன்.

முக்கால் மணி நேரம் லைனிலேயே இருந்தாள். இப்படிப் பொறுப்பான பெண்ணா என்று நெகிழ்ந்துபோய், நடுவில் “சாப்பிட்டியாம்மா?” என்றுகூட விசாரித்தேன்.

ஆறு துண்டுகள், மொத்தம் இருபத்து மூன்று ஜிபி. சேர்த்துத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை எடுத்த ஸ்கேன்வரை எல்லாம் இருந்தது. வெட்கமில்லாமல் கண் கலங்கியது.

“நீ இல்லன்னா நான் காலி. எந்த செக்‌ஷன்மா நீ? டைரக்டர்கிட்ட உன் பேரைச் சொல்லணும்.”

“நான் உங்க ஆஸ்பத்திரியே இல்ல சார்,” என்றாள் அதே பணிவோடு. “உங்க சாவி ஃபைலோட காப்பி என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஏழு மாசமா எனக்கு அரைகுறையாத்தான் கிடைச்சுது. இன்னிக்குத்தான் என் கம்ப்யூட்டர்ல முழுசா இறங்குது.”