ஆலோசனை நேரம்

அறையில் மனநல ஆலோசகர், இலவச சட்ட உதவி வக்கீலம்மா, விசாரணைக் கைதி, வாசலில் வார்டன். வாரம் ஒரு கைதிக்குத்தான் ஆலோசனை முறை வரும். மறுநாள் இவனுக்கு ஜாமீன் விசாரணை.

“தூக்கம் வருதா?” ஆலோசகர் கேட்டார்.

“கண்ணை மூடினா கேசுதான் வருது.”

“சாகணும்னு தோணுதா?”

“தினமும்.”

“ஒரு மாசம் முழு ஓய்வு. கேஸ் பேச்சே கூடாது.”

ஆலோசகர் நீட்டிய சீட்டைக் கண்ணீரோடு வாங்கியவர் வக்கீலம்மா. கோர்ட்டில் அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, கைதிதான் தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தான்.

இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “நாளைக்கு என் ஜாமீன்?”

“வேற வக்கீல் வருவார், அண்ணே. அவர் கேசைப் படிக்கணுமே. வாய்தாதான் வாங்குவார்.”

“சரிம்மா. நீங்க தூங்குங்க.”

“சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேடா,” என்ற வார்டன், அவனைச் செல்லுக்குள் விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்.