மாப்பிள்ளை எடுத்த படம்

ஏரி ஏரியாகப் போய்ப் பறவைகளைப் படமெடுத்துக் கணக்கெடுக்கும் நந்தகுமாருக்கு மகளைக் கொடுக்கச் சடையன் சம்மதிக்கவில்லை.

"புதருக்குள்ள ஒளிஞ்சு படம் புடிக்கறவன நம்ப முடியாது."

"நீங்களே குடிய விட்டு ரெண்டு வருசந்தான் ஆச்சு. அந்தப் பையன் அதத் தொட்டதே இல்லீங்க" என்றாள் மனைவி உண்ணாமலை.

பெண் பார்க்க வந்த நந்தகுமார் செல்போனில் படங்களைக் காட்டினான். "இது ஐப்பசியில உங்கூரு ஏரிக்கு வர்ற ஊசிவால் வாத்துங்க." அடுத்த படம் வந்ததும் சட்டென்று தள்ளிவிட்டான்.

"கோரைக்குள்ள வெள்ளையாத் தெரிஞ்சுதே, கொக்குங்களா?" என்றாள் உண்ணாமலை.

நந்தகுமார் சடையனைப் பார்த்தான். "கொக்கில்லீங்க அத்தை. வருசம் பூராவும் சாயங்காலமானா அங்க வந்துரும். தண்ணியில்லாம இருக்காதுங்க."

சடையன் வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"தங்கமான பையன். முகூர்த்தத்துக்கு நாள் பாரு."