கடைசி அத்தியாயம் பற்றி அவன் சொன்னது

"கதாநாயகன் வாயே திறக்காம இருக்கிறதைப் பெருந்தன்மைன்னு எழுதியிருக்காங்க சார். எனக்கு அது சோம்பேறித்தனமாத்தான் பட்டுது."

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அது என் வாக்கியம். தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றபடி, ஒரு சொல்கூடச் சிந்தாமல் அது அவன் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகத்து இடுக்கில் இருந்த கறுப்பு கிரீஸைத் தேய்த்துத் தேய்த்து, விரல்களைச் சிவக்க வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறோம் என்று வீட்டில் சொன்ன அன்று, அப்பா அவன் சம்பளத்தைக் கேட்கவில்லை. தான் அப்போதுதான் படித்து முடித்திருந்த புது நாவலை அலமாரியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதைப் படிச்சுட்டு வரச் சொல்லு. எடுத்ததைப் பாதியில விடற ஆளா இல்லையான்னு தெரிஞ்சுடும். அப்புறம் பேசலாம்."

அப்பாவுக்கு மருந்துக் கடை. புத்தகத்தையும் மாத்திரை மாதிரிதான் கொடுப்பார். தினம் முப்பது பக்கம், சாப்பாட்டுக்குப் பிறகு.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் பேச வர்றவனா, பரீட்சை எழுத வர்றவனா?"

அவன் முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் நாள் முழுக்க லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனான்.

"தூங்கிட்டேன்னே சொல்லிடறேனே" என்றான் என்னிடம்.

எங்கப்பாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவன் வாயை அடைத்தேன்.

அதே நாவலை நான் ஏற்கெனவே என் போனில் படித்திருந்தேன். அலுவலகம் விட்டு வரும் வழியெல்லாம் அவனுக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் கதை சொன்னேன். கதையோடு நின்றேனா? எனக்கு எது பிடித்தது, எங்கே எரிச்சல் வந்தது, எல்லாவற்றையும் சேர்த்தே ஊட்டிவிட்டேன்.

"அந்த மாமியாரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க தம்பி?" என்று அப்பா இப்போது அடுத்த கேள்விக்குப் போனார்.

"மொத்தக் கதையிலயும் நேர்மையான ஆள் அவங்க ஒருத்தர்தான் சார். மத்தவங்கள்லாம் நல்லவங்களா நடிக்கிறாங்க."

அம்மா என் இடுப்பில் இடித்தாள். "இவ்வளவு அழகாப் பேசறவனைப் போய் லிஃப்ட் குழியில இறக்கி விட்டிருக்காங்களேடி!"

அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு உடம்பு லேசானது. தட்டோடு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"சரி, அந்த முடிவு?" என்றார் அப்பா.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதை நாங்கள் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தோம்.

கப்பல் வேலைக்குப் போன கணவனுக்காக இனிக் காத்திருக்கப் போவதில்லை என்று கதாநாயகி வீட்டைப் பூட்டுவது. சாவியை மாமியார் கையில் கொடுப்பது. மாமியார் ஏன் என்று கேட்காமல் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வது.

கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். பூட்டுகிற இடத்தில் நிஜமாகவே பூட்டினான்.

"அந்த இடத்தில எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு சார். கடைசிப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சேன்."

இது நான் சொல்லிக்கொடுக்காதது. அவனே சேர்த்தது. எவ்வளவு கெட்டிக்காரன் என்று பூரித்துப்போனேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்கப்பா அழறாருடி" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவன் மடியிலிருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கினார். பின்பக்கமாகத் திறந்து, மேஜை மேல் அவன் பார்க்கும்படி வைத்தார்.

நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வெள்ளை.

அப்பா ஒரு தாளைப் புரட்டினார். அதுவும் வெள்ளை. அதற்கு முன்னால் இருந்ததும்.

"இந்தப் பிரதியில கடைசி அத்தியாயம் அச்சாகவே இல்லை தம்பி. கடையில வேற தரேன்னுதான் சொன்னாங்க. முடிவை அங்கேயே வேற பிரதியில படிச்சுட்டு, நான்தான் இதுவே இருக்கட்டும்னேன். முடிவைக் காணோமேன்னு கேட்டு நீங்க போன் பண்ணுவீங்கன்னு தினமும் எதிர்பார்த்துட்டிருந்தேன்."

காலாவதியான மருந்துச் சீட்டை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற அதே குரல்.

சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. வெற்றுத் தாள்கள் காற்றில் ஒவ்வொன்றாகப் படபடத்தன. அவற்றை மூடி வைக்க யாருக்கும் கை வரவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால், நான்தான் என்று கத்தியாவது இருப்பேன்.

"என் பொண்ணு நாவலை நல்லாத்தான் படிச்சிருக்கா" என்றார், அவனிடமே. "அவ சொன்னதைக் கேட்டுட்டேன். இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க."

அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தான்.

என் இரண்டு கையிலும் தட்டு. அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் கண் எடுக்காமல் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.